கிரெடிட் கார்ட் எடுக்கலாம்னு இருக்கேன், தோட்டப்பக்கம் இருக்கிறவங்களுக்கு எது சரிவரும்?

டிக்கோயா_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். டிக்கோயா பக்கம் தோட்டத்து ஸ்கூல் ஒண்ணுல படிப்பிக்கிறேன், கவர்ன்மென்ட் வேலைதான், வெட்டெல்லாம் போக கைக்கு 58,000 மாதிரி வரும். போன கிழமை சம்பளம் எடுக்க ஹட்டன் போனா, பேங்க் வாசல்லயே மேசை போட்டு டை கட்டின தம்பி ரெண்டு பேர் உக்காந்து, டீச்சர் உங்களுக்கு 3 லட்சம் லிமிட் வரும், முதல் வருஷம் ஃப்ரீ, ஐடென்டிட்டி கார்ட் கொப்பியும் சம்பள சிலிப்பும் மட்டும் தாங்கன்னு விடவே இல்ல. இன்னொரு பேங்க்ல இருந்தும் ஃபோன் வருது. ஃபார்ம் வாங்கிட்டு வந்துட்டேன், இன்னும் நிரப்பல.

எனக்கு தேவை என்னன்னா, தங்கச்சி பேராதெனியவுல படிக்கிறா, அவளுக்கு ஒரு லெப்டொப் எடுக்கணும், 180,000 மாதிரி சொல்றாங்க, கார்ட் இருந்தா 24 மாசம் வட்டி இல்லாம கட்டலாமாம். அதோட மாச சாமான் ஹட்டன் ஃபூட் சிட்டி சூப்பர்மார்க்கட்லதான் வாங்குறேன், அதுக்கு ஏதும் விலைக் கழிவு வந்தா நல்லது. எப்பயாவது ஒன்லைன் கோர்ஸ் ஒண்ணு, டொலர்ல கட்டுறது. அவ்வளவுதான், ஹோட்டல் ஃபிளைட் எல்லாம் நமக்கு எதுக்கு.

அப்பா தோட்டத்துல வேலை செஞ்சு பென்ஷன் ஆனவரு, கார்ட்டுன்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. கடைக் கொப்பியில எழுதி எழுதியே எங்க அப்பன் காலம் போச்சு, நீ பிளாஸ்டிக்ல எழுதப் போறியான்னு கேட்டாரு. பதில் சொல்ல வரல.

எந்த பேங்க், எந்த கார்ட், 3 லட்சம் லிமிட் சரியா கூடவா? அட்ரஸ் வேற ஒரு பிரச்சினை, வீட்டுக்கு நம்பர் இல்ல, கரண்ட் பில்லும் என் பேர்ல இல்ல. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

முன்னாள்_கவுண்டர்

தங்கச்சி, நான் நுவரெலியாவுல ஒரு பேங்க்ல கொஞ்ச காலம் இருந்து விலகினவன், இப்ப எந்த பேங்க்குக்கும் ஆள் பிடிக்கிறதில்ல, அதனால தைரியமா சொல்றேன். எந்த பேங்க் கார்ட்டுன்னு கேக்கிறத கொஞ்சம் தள்ளி வைங்க. முதல்ல பாக்க வேண்டியது உங்க சம்பளம் எந்த திகதி விழுது, கார்ட் காசு கட்ட வேண்டிய கடைசி திகதி எப்ப, இந்த ரெண்டும் ஒத்துவருதான்னு. இத மேசை போட்டு உக்காந்திருக்கிற தம்பிமார் சொல்ல மாட்டாங்க, அவங்க பாவம், ஒரு ஃபார்முக்கு இவ்வளவுன்னு கொமிஷன்.

விளக்கமா சொல்றேன். உங்க ஸ்டேட்மென்ட் மாசம் மாசம் 5ஆம் திகதி அடிக்கிறாங்கன்னு வைங்க, கட்ட கடைசி நாள் 25 மாதிரி வரும். நீங்க 6ஆம் திகதி ஒரு சாமான் வாங்கினா அது அடுத்த மாசம் 5ஆம் திகதி ஸ்டேட்மென்ட்லதான் வரும், 25க்கு கட்டினா போதும், கிட்டத்தட்ட 50 நாள் வட்டியில்லாம பேங்க் காசு உங்க கையில. அதே சாமான 4ஆம் திகதி வாங்கினா மறுநாளே ஸ்டேட்மென்ட்ல ஏறிடும், 21 நாள்தான். டீச்சர்மாருக்கு சம்பளம் 20ஐ ஒட்டி வருது இல்லியா, அப்ப 25 கடைசி நாள்னா அம்சமா பொருந்தும். கடைசி நாள் 15ன்னு வந்திச்சோ, மாசா மாசம் சம்பளத்துக்கு முந்தி காசுக்கு ஓடணும். தோட்டத்து ஸ்டாஃப், 10ஆம் திகதி சம்பளக்காரங்களுக்கு இது தலைகீழ், அவங்களுக்கு 15 நல்லது. ஃபார்ம் குடுக்கிறப்பவே பில்லிங் திகதி எதுன்னு கேளுங்க, மாத்தித் தர்ற பேங்க்கும் இருக்கு.

அதனாலதான் சம்பளம் விழுற பேங்க் கார்ட்டே முதல் கார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்றேன். அங்கயே ஸ்டேண்டிங் ஓர்டர், அதாவது மாசா மாசம் கணக்குல இருந்து தானா கட்டுற ஏற்பாடு போட்டுறலாம், முழுத்தொகைக்கு போடணும், மினிமத்துக்கு, அதாவது குறைஞ்சது கட்ட வேண்டிய தொகைக்கு இல்ல. ஃபார்ம்ல ரெண்டு பெட்டி இருக்கும், அவசரத்துல மினிமத்துல கோடு போட்டுட்டு வர்றவங்கதான் நிறைய.

இந்த மினிமம்தான் கதையே. 1 லட்சத்துக்கு சாமான் வாங்கிட்டீங்க, வட்டி வருஷத்துக்கு 26 பெர்சன்ட்னு கணக்குக்கு வைப்போம், பேங்க்குக்கு பேங்க் மாறும், 2022 நெருக்கடியில 36 வரைக்கும் போன சாமான் இது. மினிமம் 5 பெர்சன்ட், அதாவது 5,000 கட்டுறீங்க. அதுல 2,166 அந்த மாச வட்டிக்கே போயிடும், கடன்ல குறையிறது 2,834 மட்டும். அதோட புதுசா வாங்குற சாமானுக்கும் அந்த 50 நாள் சலுகை கிடையாது, வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். 1 லட்சத்துல 95,000 கட்டிட்டேன், 5,000க்குத்தானே வட்டின்னு நினைக்காதீங்க, பல பேங்க்ல வாங்கின நாள்ல இருந்து முழுத்தொகைக்கும் போட்டுத்தான் வட்டி எடுப்பாங்க.

ஏடிஎம்ல கிரெடிட் கார்ட் போட்டு காசு எடுக்கிறது சுத்தமா வேணாம். எடுக்கிறப்பவே ஒரு சார்ஜ், அதுக்கு மேல அந்த நிமிஷத்துல இருந்து வட்டி, 50 நாள் எல்லாம் அதுக்கு கிடையவே கிடையாது.

லிமிட்டுக்கு வாறேன். லெப்டொப் 180,000ஐ 24 மாசத்துக்கு போட்டா மாசம் 7,500 தான், ஆனா முதல் நாளே லிமிட்ல 180,000 அடைபட்டுடும், கட்டக் கட்டத்தான் திறக்கும். அதனால 2 லட்சத்துக்கு கீழ எடுத்தா சாமான் வாங்க இடமில்ல. 225,000, கூடினா 250,000 கேளுங்க. 3 லட்சம் தாறேன்னா வேணாம், குறைச்சு தாங்கன்னு எழுதிக் குடுக்கலாம், அது உங்க உரிமை. பின்னால வீட்டு லோன் எதுக்கும் போனா அந்த ஒஃபிசர் நீங்க பாவிச்சத மட்டும் பாக்க மாட்டாரு, லிமிட்டையும் பாப்பாரு.

பதுளைக்காரன்77

அண்ணன் சொன்னது எல்லாம் ஓகே, ஒஃபர் பத்தி மட்டும் நான் சொல்றேன். இந்த கார்ட் ஒஃபர் புத்தகத்த பிரிச்சு பாருங்க, பத்துல எட்டு கொழும்பு. கொழும்பு ஹோட்டல் புஃபே, கொழும்பு ஸ்பா, கொழும்பு பல் ஆஸ்பத்திரி. மலைநாட்டுக்குன்னு பாத்தா நுவரெலியா, எல்லங்கிற ஊர் பக்கம் ஹோட்டல் ரூமுக்கு கழிவு இருக்கும், அதுவும் கொழும்புக்காரன் வந்து தங்குறதுக்கு. நமக்கு ஆகுறது சூப்பர்மார்க்கட் ஒஃபர் மட்டும்தான், அதுலயும் கிழமையில ஒரு நாள், இவ்வளவுக்கு மேல வாங்கணும், கழிவு இவ்வளவுக்கு மேல இல்லன்னு சின்ன எழுத்துல இருக்கும். அந்த நாள்ல ஹட்டன் வர முடியுமா பாருங்க மிஸ், புதன்கிழமை ஒஃபருக்காக லீவு போட்டு பஸ் காசு குடுத்து வந்தா என்ன மிச்சம்.

அப்புறம் அமெக்ஸ், அதாவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்ட், அது நேஷன்ஸ் ட்ரஸ்ட் பேங்க்காரங்க மட்டும் தாறது, ஒஃபர் நல்லாத்தான் இருக்கும், ஆனா டவுன்ல நீங்க போற கடைக்காரர்கிட்ட மெஷின்ல அது எடுக்குமான்னு முதல்ல கேட்டுக்குங்க. விசா மாஸ்டர் மாதிரி எல்லா இடமும் எடுபடாது. முதல் கார்ட்டுக்கு விசாவோ மாஸ்டரோ போதும்.

டொலர் கோர்ஸ்: கார்ட்ல கட்டுறப்ப பேங்க் தன்னோட ரேட் போடும், அதுக்கு மேல ஒரு பெர்சன்டேஜ், அப்புறம் ஸ்டாம்ப் டியூட்டி. கூகுள்ல பாக்கிற ரேட்டை நம்பி கணக்கு போடாதீங்க, கொஞ்சம் கூடத்தான் வரும்.

கந்தப்பளை_லீக்ஸ்

இந்த சூப்பர்மார்க்கட் ஒஃபர்ல மரக்கறிக்கு 25 பெர்சன்ட் கழிவுன்னு போடுறானே, அந்த லீக்ஸும் கரட்டும் எங்க தோட்டத்துல இருந்து என்ன விலைக்கு போகுதுன்னு ஒருநாள் யாராவது கேளுங்கப்பா 😄

சரி அத விடுங்க. நானும் ஒரு கேள்வி கேக்கிறேன், டீச்சர் கோவிக்காதீங்க. எனக்கு சம்பள சிலிப் இல்ல, மரக்கறி போட்டு விக்கிறேன், ஒரு மாசம் கை நிறைய வரும், அடுத்த மாசம் மழையில எல்லாம் அழுகிடும். நமக்கெல்லாம் கார்ட் தருவானா?

ஃபோன்கடை_ஹட்டன்

நான் கடை வச்சிருக்கிற பக்கத்துல இருந்து பேசுறேன். லெப்டொப் வாங்க போறப்ப முதல் வார்த்தையா கார்ட் இருக்குன்னு சொல்லாதீங்க. கேஷ் விலை என்னன்னு முதல்ல கேளுங்க, ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க, அதுக்கு அப்புறம் இன்ஸ்டோல்மென்ட்டுக்கு கேளுங்க. வட்டி இல்ல வட்டி இல்லங்கிறாங்களே, அந்த காச யாரோ ஒருத்தர் குடுக்கத்தானே வேணும். பேங்க் எங்ககிட்ட இருந்து எடுக்குது, மாசம் கூடக்கூட கூட எடுக்கும். அதனால கேஷுக்கு 168,000க்கு குடுக்கிற சாமான 24 மாசத்துக்கு 180,000ன்னு சொல்ற கடைங்க இருக்கு. சிங்கர், அபான்ஸ், டாம்ரோ மாதிரி பெரிய ஷோரூம்ல விலை ஒட்டியே இருக்கும், அங்கயும் கேஷ் டிஸ்கவுண்ட் எவ்வளவுன்னு கேளுங்க. வித்தியாசம் 12,000ன்னா அது ரெண்டு வருஷத்துக்கான வட்டின்னு நினைச்சுக்கிட்டு, பரவாயில்லன்னா எடுங்க. தப்பில்ல.

சில இடத்துல பேங்க்கும் ஹேண்ட்லிங் ஃபீஸ்னு ஒரு தடவை எடுக்கும், அதையும் கேளுங்க. இன்னொண்ணு, கார்ட் தேய்ச்ச உடனே அது தானா 24 மாசமா பிரியாது. சில கடையில மெஷின்லயே போட்டுருவாங்க, சில பேங்க்குக்கு நீங்களே ஃபோன் எடுத்து சொல்லணும். சொல்லாம விட்டா அடுத்த ஸ்டேட்மென்ட்ல 180,000 ஒரேயடியா வந்து நிக்கும்.

பதுளைக்காரன்77

அண்ணே நீங்க கடைக்காரர்ங்கிறதால கேக்கிறேன், கார்ட்டுன்னா 3 பெர்சன்ட் கூடன்னு டவுன்ல பாதி கடையில கேக்கிறானுங்களே, அது சரியா? அப்படி எடுக்கக் கூடாதுன்னு சென்ட்ரல் பேங்க்கே அறிவிச்சிருக்கே.

ஃபோன்கடை_ஹட்டன்

எடுக்கக் கூடாதுதான், இல்லன்னு சொல்லல. மெஷின் குடுக்கிறப்ப பேங்க்கோட போடுற ஒப்பந்தத்துலயே அது இருக்கு. ஆனா ஒரு ஃபோன்ல எங்களுக்கு நிக்கிறதே கொஞ்சம், ரீலோட் கார்ட்ல அதுவும் இல்ல, அதுல பேங்க் ஒரு பங்க எடுத்தா என்ன மிஞ்சும் சொல்லுங்க. நான் என்ன பண்றேன்னா சின்ன சாமானுக்கு ஃபோன்ல ஸ்கேன் பண்ணி கட்டுற லங்கா கியூஆர் ஒட்டி வச்சிருக்கேன், அதுல வெட்டு குறைவு, வாங்குறவங்களுக்கும் கூட இல்ல. 3 பெர்சன்ட் கேட்டா டீச்சர் வேற கடைக்கு போகலாம், இல்ல பில்லோட அந்த மெஷின் எந்த பேங்க்கோ அந்த பேங்க்குக்கு முறைப்பாடு குடுக்கலாம், சிலிப்ல மேல பேங்க் பேர் இருக்கும். அதுக்கும் சரிவரலன்னா சென்ட்ரல் பேங்க் நம்பர் 1935. நானே சொல்லிக் குடுக்கிறேன் பாருங்க, நாளைக்கு என் கடைக்கே வந்துறாதீங்க.

மஸ்கெலியா_சேர்

டீச்சர், நானும் நம்ம டிபார்ட்மென்ட்தான். யாருமே இத கேக்கல, நான் கேக்கிறேன். நீங்க டிஸ்ட்ரஸ் லோன் எடுத்திருக்கீங்களா? எடுக்கலன்னா லெப்டொப்புக்கு கார்ட் எதுக்கு? கவர்ன்மென்ட் வேலைக்காரங்களுக்கு 4.2 பெர்சன்ட் வட்டிக்கு கிடைக்கிற கடன் அது, சம்பளத்துல தானா வெட்டிப்பாங்க, திகதி மறக்கிற பிரச்சினையே இல்ல. அத எடுத்து கடைக்காரர் சொன்ன கேஷ் விலை 168,000க்கு பேரம் பேசி வாங்குங்க. கணக்கு பாத்தா ரெண்டும் கிட்டக்கிட்டதான் வரும், ஆனா இதுல ஒரு மாசம் தவறினா 26 பெர்சன்ட் வந்து உக்காராது. வலயக் கல்வி ஒஃபிஸ்ல இப்ப ஃபண்ட் இருக்கான்னு கிளார்க்கிட்ட கேட்டுப் பாருங்க, சில நேரம் காத்திருக்கணும், ரெண்டு பேர் பிணையும் வைக்கணும்.

பிணைன்னதும் ஞாபகம் வருது. க்ரிப் ரிப்போர்ட்ல, அதாவது பேங்க்குங்க பாக்கிற நம்ம கடன் பதிவுல, நம்ம கடன் மட்டுமில்ல, நாம பிணை நின்ன கடனும் தெரியும். எங்க ஸ்கூல்ல ஒருத்தர் பக்கத்து வீட்டு பையன் த்ரீவீல் லீசிங்குக்கு கையெழுத்து போட்டாரு, அவன் கட்டாம விட்டான், இவர் கார்ட்டுக்கு போனப்ப ரிஜெக்ட். காரணம் கேட்டா முகத்துக்கு நேர சொல்லவும் இல்ல. அதனால ஃபார்ம் குடுக்க முந்தி உங்க ரிப்போர்ட்ட நீங்களே எடுத்துப் பாருங்க, ஒன்லைன்லயே எடுக்கலாம். அதோட ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேங்க்குக்கு ஃபார்ம் குடுக்காதீங்க, யார் யார் விசாரிச்சாங்கங்கிறதும் அதுல விழும்.

டிக்கோயா_டீச்சர்

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல, நன்றி. டிஸ்ட்ரஸ் லோன் ஏற்கனவே எடுத்தாச்சு சேர், வீட்டுக் கூரைக்கு போட்டது, இன்னும் வெட்டுறாங்க, அது முடியாம திரும்ப எடுத்தா கைக்கு வர்றது ரொம்ப குறைஞ்சிடும். அதனாலதான் கார்ட்டுன்னு யோசிச்சேன். பிணை யாருக்கும் நிக்கல நல்ல வேளை.

அட்ரஸ் விஷயம் யாராவது சொல்லுங்களேன். ஃபார்ம்ல வீதி, வீட்டு இலக்கம்னு பெட்டி பெட்டியா இருக்கு, நான் என்னத்த எழுதுறது, கீழ்ப்பிரிவு ரெண்டாவது லயம், தோட்டத்து வரிசை வீடுன்னா? தபால் எல்லாம் தோட்டத்து ஒஃபிஸ்க்கு வந்து அங்க இருந்து யாராவது கொண்டு வந்தாத்தான் உண்டு, போன முறை ஒரு கடிதம் மாசம் கழிச்சு வந்திச்சு.

முன்னாள்_கவுண்டர்

கூரைக்கு லோன் வெட்டுறாங்கன்னா லிமிட் பேங்க்கே குறைச்சுத்தான் தரும், நல்லதுதான். 7,500 கட்டினதுக்கு அப்புறம் மாசச் செலவு நடக்குமான்னு ஒரு தடவை உக்காந்து எழுதிப் பாத்துட்டு முடிவெடுங்க. மூக்குல முட்டுதுன்னா 180,000 லெப்டொப் வேணாம், தங்கச்சி படிக்கிற பாடத்துக்கு 120,000 மெஷின் போதுமான்னு அவகிட்டயே கேளுங்க. அப்படின்னா மாசம் 5,000, லிமிட்டும் 150,000 போதும்.

அட்ரஸ் பிரச்சினை நாங்க தினம் பாத்தது. வீட்டு இலக்கம் பெட்டியில லயம் நம்பர், வீதி பெட்டியில தோட்டமும் பிரிவும், அப்புறம் தபால் கந்தோர். பில்லுக்கு பதிலா கிராம சேவகர் சர்டிஃபிகேட் எடுங்க. ஸ்கூல் அட்ரஸ ஒஃபிஸ் அட்ரஸா போட்டு கடிதப் போக்குவரத்துக்கு அதையே குடுக்கலாம். கார்ட்ட வீட்டுக்கு அனுப்ப வேணாம், ஹட்டன் பிராஞ்சுக்கு அனுப்புங்க, நானே வந்து எடுக்கிறேன்னு எழுதுங்க, பின் நம்பரும் கார்ட்டும் தோட்டத்து ஒஃபிஸ் மேசையில கிடக்கிறது நல்லதில்ல. ஸ்டேட்மென்ட் ஈமெயிலுக்கு. கடிதம் மாசம் கழிச்சு வருதுன்னு சொன்னீங்களே, ஸ்டேட்மென்ட் அப்படி வந்தா கடைசி நாளே தாண்டியிருக்கும், லேட் ஃபீஸும் வட்டியும்.

ஓடிபியும் யோசிங்க. ஒன்லைன்ல கட்டுறப்ப ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், கொஞ்ச நேரத்துல அது செத்துடும். லயத்துக்குள்ள சிக்னல் இல்லாம கோயில் மேட்டுக்கு ஏறி ஃபோன தூக்கிப் பிடிக்கிற ஆள்னா, அதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். ஈமெயிலுக்கும் ஓடிபி அனுப்புற பேங்க்கான்னு கேளுங்க, அது சின்ன விஷயம் மாதிரி தெரியும், நம்ம ஊருக்கு பெரிய விஷயம்.

கந்தப்பளை தம்பிக்கு: தருவான். நிரந்தர வைப்பு ஒண்ணு போடுங்க, அத ஈடா வச்சு கார்ட் தர்ற பேங்க் நிறைய, வைப்புத் தொகையில ஒரு பங்கு லிமிட்டா வரும், சம்பள சிலிப் கேக்க மாட்டாங்க. வைப்புக்கு வட்டியும் உங்களுக்கு ஓடும். ஆனா வருமானம் ஏறி இறங்குற ஆளுக்கு நான் கார்ட்ட உரம், மருந்து வாங்க பாவிக்காதீங்கன்னுதான் சொல்வேன். விளைச்சல் வர மூணு மாசம், கார்ட் பொறுக்கிறது 50 நாள்.

பதுளைக்காரன்77

இடையில ஒண்ணு. ஹட்டன்ல இருந்துகிட்டு ஹட்டன் நஷனல் பேங்க் பத்தி யாருமே பேசல, 1888ல அங்கதான் தொடங்கிச்சு, தோட்டத் தொரைமாருக்காக. அப்ப நம்ம தாத்தன்மார வாசல்லயாவது விட்டிருப்பானா. இப்ப மேசை போட்டு கூப்பிடுறான், அதுவும் காலம்தான்.

கந்தப்பளை_லீக்ஸ்

@முன்னாள்_கவுண்டர் நன்றிண்ணே, வைப்பு போடுற அளவுக்கு அடுத்த போகம் பாத்துக்கிறேன். உரம் வாங்கத்தான் கேட்டேன், எப்படி கண்டுபிடிச்சீங்க 😄

டிக்கோயா_டீச்சர்

தங்கச்சிகிட்ட கேட்டேன், 130,000க்கு ஒண்ணு போதும்னுட்டா. சம்பளம் விழுற பேங்க்லயே குடுக்கிறேன், லிமிட் 175,000ன்னு எழுதினேன், கிராம சேவகர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. வாசல்ல இருந்த தம்பி இன்ஷூரன்ஸ்னு ஒரு பெட்டியில தானே கோடு போட்டு வச்சிருந்தாரு, அது என்னதுன்னு கேட்டா எல்லாரும் போடுறதுதான் டீச்சர்ங்கிறாரு. அது கட்டாயமா?

முன்னாள்_கவுண்டர்

கட்டாயம் இல்ல. உங்களுக்கு ஏதும் ஆனா கார்ட் கடன அடைக்கிற இன்ஷூரன்ஸ் அது, பாக்கித் தொகைக்கு ஏத்த மாதிரி மாசா மாசம் ஸ்டேட்மென்ட்ல ஒரு தொகை வெட்டும். வேணாம்னா கோட்ட வெட்டி பக்கத்துல கையெழுத்து போடுங்க. ஃபார்ம் குடுத்ததும் ஒவ்வொரு பக்கமும் ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. முதல் வருஷம் ஃப்ரீன்னா ரெண்டாவது வருஷம் எவ்வளவு, எவ்வளவு செலவழிச்சா அது மன்னிப்புன்னு அவர் வாயால இல்ல, கட்டணப் பட்டியல் தாளா கேட்டு வாங்குங்க.